பட்டாம்பூச்சி ஸ்டாம்ப் ஒரு டப்பா நிறைய இருக்கு, நாடு வாரியா ஒட்டறதா இல்ல இனம் வாரியாவா?

டப்பா_கோவை:

எல்லாருக்கும் வணக்கம். ஸ்டாம்ப் விஷயத்துல நான் கத்துக்குட்டிகூட இல்ல, அதனால கேள்வி கொஞ்சம் சின்னப்புள்ளத்தனமா இருந்தா பொறுத்துக்கோங்க. என் வீட்டுக்காரியோட பெரியப்பா ஹார்பர்ல வேலை பாத்தவரு, அவரு சேத்து வெச்ச பிஸ்கட் டப்பா ஒண்ணு இப்ப எங்க வீட்டுக்கு வந்திருக்கு, உள்ள முக்காவாசி பட்டாம்பூச்சி ஸ்டாம்ப். ஏழாவது படிக்கிற என் பொண்ணு இதெல்லாம் ஆல்பத்துல போட்டே ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா.

உள்ள என்னென்ன இருக்குன்னா, ஷார்ஜா, அஜ்மான், ஃபுஜைரா, மனாமா அப்டினு பெரிய பெரிய பளபளா ஸ்டாம்ப் ஏகப்பட்டது. மலேசியா ஸ்டாம்ப் ஒரு கத்தை, ஒரே பட்டாம்பூச்சி திரும்பத் திரும்ப வருது ஆனா ஓரத்துல இருக்கற ராஜா முகம் மட்டும் மாறுது, இது என்ன கணக்குன்னே புரியல. ஹெல்வெட்டியானு எழுதின சின்ன ஸ்டாம்ப் கொஞ்சம், அது எந்த நாடு? நம்ம இந்தியா ஸ்டாம்ப் நாலு. அப்புறம் பூட்டான்னு போட்டு கெட்டியா பிளாஸ்டிக் மாதிரி ஒண்ணு, நகத்தால தேச்சா வரி வரியா சத்தம் வருது, சாய்ச்சுப் பாத்தா பூச்சி மேல எழும்பி நிக்குது. கீழ பழைய ஏர்மெயில் கவரும் கொஞ்சம் கிடக்கு, அதுல இருக்கறதயும் வெட்டி எடுத்துடலாமா?

பொண்ணோட கேள்வி வேற. எது பட்டாம்பூச்சி எது அந்துப்பூச்சினு ஸ்டாம்ப்ப பாத்தே கண்டுபுடிக்க முடியுமா, ரெண்டையும் தனித்தனியா ஒட்டணுமா, உலகத்துலயே முதல் பட்டாம்பூச்சி ஸ்டாம்ப் எது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய_கவர்:

தம்பி, முதல் வேலையா கத்திரிக்கோலை எடுத்து பரண்ல போடுங்க. கவர்ல இருக்கற ஸ்டாம்ப்ப வெட்டவே கூடாது. முத்திரை, தேதி, எந்த ஊர்லேந்து எந்த ஊருக்கு, எவ்வளவு தபால் செலவு, எல்லாம் அந்த முழு கவர்லதான் இருக்கு. வெட்டி எடுத்தா கைல ஒரு சின்ன காகிதம், அவ்வளவுதான். நாப்பது வருஷமா சேக்கறேன், என்கிட்ட கேட்டா உங்க டப்பால உசத்தியானது மேல இருக்கற பளபளா இல்ல, கீழ கிடக்கற அந்த கவர்தான்.

இப்ப அந்த ஷார்ஜா, அஜ்மான் கூட்டத்துக்கு வருவோம். நம்ம தலைமுறைல ஸ்டாம்ப் சேத்த எவன் வீட்லயும் இது இருக்கும். 1960கள்ல இந்த வளைகுடா சிற்றரசுகள் வெளிநாட்டு ஏஜென்ட்டுகளோட ஒப்பந்தம் போட்டு ஸ்டாம்ப் அடிக்க விட்டாங்க, எண்ணெய்க் காசு எல்லாருக்கும் வராத காலம், ஸ்டாம்ப் காசும் ஒரு வருமானம். ஏஜென்ட்டுக்கு லெட்டர் போறதா முக்கியம், பசங்க வாங்கணும், அதனால பட்டாம்பூச்சி, ராக்கெட், பூனை, ஒலிம்பிக்ஸ்னு என்ன விக்குமோ அதை அடிச்சுத் தள்ளினான். மனாமாங்கறது பஹ்ரைன் தலைநகர்னு நெனைச்சுடாதீங்க, அஜ்மானுக்குச் சொந்தமான உள்நாட்டுத் துண்டு ஒண்ணு, சின்ன ஊரு, அதுக்கும் தனி ஸ்டாம்ப்! 1971 டிசம்பர்ல ஐக்கிய அமீரகம் உருவாச்சு, அடுத்த வருஷத்தோட இந்தத் தனித்தனி கடையெல்லாம் மூடிட்டாங்க.

ஒண்ணைத் திருப்பிப் பாருங்க. முன்பக்கம் மூலைல அச்சு மாதிரி சுத்தமா ஒரு கால் வட்ட முத்திரை இருக்கும், பின்பக்கம் பசை அப்படியே இருக்கும். அதாவது எந்தக் கவர்லயும் ஒட்டவே இல்ல, அச்சகத்துலயே முத்திரை குத்தி பாக்கெட்ல போட்டு வித்தது, சிடிஓன்னு சொல்லுவோம். ஹங்கேரி, போலந்து, பல்கேரியா ஸ்டாம்ப்லயும் இப்படி நிறைய உண்டு, ஆனா அந்த நாடுகள்ல அதே ஸ்டாம்ப்ப ஒட்டி நெஜமா லெட்டரும் போச்சு, அதனால அதுக்கு ஒரு மரியாதை. வளைகுடா சரக்குல பாதிய ஸ்டான்லி கிப்பன்ஸ்ங்கற ஸ்டாம்ப் விலைப்பட்டியல் கேட்டலாக்ல பின்னாடி அனுபந்தத்துல தூக்கிப் போட்டுட்டாங்க. விலை எதுவும் எதிர்பாக்காதீங்க, பொண்ணு பழகறதுக்கு கையில கொடுங்க. டங்ஸ்ல (ஸ்டாம்ப் எடுக்கற இடுக்கி) புடிக்க, பசை பாக்க, எல்லாத்துக்கும் இதைவிட நல்ல சரக்கு கிடைக்காது, கிழிஞ்சாலும் கவலை இல்ல.

ஹெல்வெட்டியான்னா சுவிட்சர்லாந்து. விலைக்குப் பக்கத்துல ஒரு கூட்டல் குறி போட்டு இன்னொரு எண் இருக்கான்னு பாருங்க. இருந்தா அது ப்ரோ யுவென்டூட்டே வரிசை, அந்த ரெண்டாவது எண் குழந்தைங்க நலத்துக்குப் போற காசு. 1950 டிசம்பர்ல ஆரம்பிச்சு 1957 வரைக்கும் வருஷா வருஷம் பூச்சி போட்டாங்க. சின்ன ஸ்டாம்ப், ஆனா அச்சு வேலைப்பாடு இருக்கே, லென்ஸ் வெச்சுப் பாத்தீங்கன்னா இறக்கைல இருக்கற தூள் தெரியற மாதிரி இருக்கும். எனக்கு இன்னிக்கும் அதுக்கு மேல ஒரு பட்டாம்பூச்சி வரிசை கிடையாது, யாராவது சண்டைக்கு வந்தா வரட்டும்.

பூட்டான் ஸ்டாம்ப் 1968ல வந்த 3டி. பூட்டானே 1962லதான் முதல் ஸ்டாம்ப் போட்டுது. பர்ட் டாட்னு ஒரு அமெரிக்கர் அந்த அரச குடும்பத்துக்கு நண்பர், அவர்தான் இந்த விசித்திர ஐடியா எல்லாம் கொடுத்தவர், பின்னாடி கிராமபோன்ல வெச்சா பாட்டு பாடற ஸ்டாம்ப்கூட போட்டாங்க. அதுவும் வெளிநாட்டு சேகரிப்பாளர் காசை நம்பி அடிச்சதுதான், ஷார்ஜாவ திட்டிட்டு இதை மட்டும் எப்படி ரசிக்கறன்னு கேட்டா என்கிட்ட நியாயமான பதில் இல்ல, அது அழகா இருக்கு, அவ்வளவுதான். அதை மட்டும் தண்ணில போடாதீங்க, மேல இருக்கற பிளாஸ்டிக் பிரிஞ்சு வந்துரும்.

ஈப்போ_வாசி:

அண்ணே அந்த மலேசியா கத்தைய பத்தி நான் சொல்றேன், எங்க வீட்டு ஸ்டாம்ப் அது.

ராஜா முகம் மாறுறதுக்குக் காரணம், இங்க சின்ன மதிப்பு ஸ்டாம்ப் எல்லாம் மாநிலம் மாநிலமா தனியா அடிப்பாங்க. 1971 பிப்ரவரில வந்த வரிசை அது. 1, 2, 5, 6, 10, 15, 20 சென், மொத்தம் ஏழு பட்டாம்பூச்சி, அதே ஏழும் 13 மாநிலத்துக்கும். சுல்தானோ ராஜாவோ இருக்கற ஒன்பது மாநிலத்துல அவரு படம், பினாங்கு, மலாக்கா, சபா, சரவாக் நாலுலயும் மன்னர் இல்ல, அதனால மாநிலச் சின்னம் போட்டிருப்பாங்க. ஆக முழு செட்டு 91 ஸ்டாம்ப். எந்த மாநில ஸ்டாம்ப்ப எந்த ஊர்ல ஒட்டினாலும் செல்லும். இதுக்கு முன்னாடி 1965ல வந்தது ஆர்க்கிட் பூ, பின்னாடி 1979ல வேற பூ வரிசை. இதே பட்டாம்பூச்சிய 1977லேந்து வேற அச்சு முறைல மறுபடி அடிச்சாங்க, பக்கத்துல வெச்சுப் பாத்தா கலர் கொஞ்சம் மாறியிருக்கும், அதையும் சேத்தா எண்ணிக்கை இன்னும் ஏறும். 25 சென்லேந்து 10 வெள்ளி (எங்க ஊரு ரிங்கிட்) வரைக்கும் மாநிலம் கிடையாது, மலேசியான்னு மட்டும் போட்டிருக்கும், அது 1970ல வந்துச்சு, அதுவும் பட்டாம்பூச்சிதான்.

தமிழ்நாட்ல இந்த ஸ்டாம்ப் எப்படி இவ்வளவு இருக்குன்னு யோசிக்காதீங்க. எங்க தாத்தா பாட்டிங்க தோட்டத்துலேந்தும் டவுன்லேந்தும் சிவகங்கை, புதுக்கோட்டை, நாமக்கல்னு ஊருக்கு எழுதின கடுதாசி மேல எல்லாம் இதுதான் ஒட்டியிருக்கும். பழைய_கவர் ஐயா சொன்னதுதான் சரி, கவரை வெட்டவே வெட்டாதீங்க. முத்திரைல தைப்பிங், கிள்ளான், சுங்கை சிப்புட்னு ஊர் பேரு தெளிவா விழுந்திருந்தா அதைத் தனியா எடுத்து வைங்க. ஏர்மெயிலுக்கு ஒரு ஸ்டாம்ப் பத்தாது, அதனால ஒரே கவர்ல பேராக் சுல்தானும் சிலாங்கூர் சுல்தானும் பக்கத்துல பக்கத்துல இருப்பாங்க, அந்த மாதிரி கலந்த கவர் பாக்க ரொம்ப நல்லா இருக்கும்.

எருக்கஞ்செடி:

நான் ஸ்டாம்ப் ஆளு இல்ல, வாரக்கடைசில பட்டாம்பூச்சி பாக்கப் போற கோஷ்டி. ஆனா இந்த மலேசியா வரிசை என்கிட்டயும் இருக்கு, ஏன்னா அதுல இருக்கற ஏழுல நாலு நம்ம மேற்குத்தொடர்ச்சி மலைப்பக்கமும் பறக்குது. 6 சென்ல இருக்கறது எலுமிச்சை அழகி, உங்க வீட்ல எலுமிச்சை இல்ல கறிவேப்பிலை செடி இருந்தா அதோட புழுவ பொண்ணு ஏற்கனவே பாத்திருப்பா, சின்னதுல பறவை எச்சம் மாதிரியே இருக்கும், பெருசானா பச்சை. 15 சென் நீல வசீகரன், வெயில் அடிக்கற பொட்டல் தரைல இறக்கைய விரிச்சு உக்காந்திருக்கும். 5 சென் க்ளிப்பர், 10 சென் கிரேட் ஆரஞ்ச் டிப், ரெண்டும் கோவைலேந்து மலைப்பக்கம் ஏறினா பாக்கலாம். அதனால என் ஓட்டு நாடு வாரியா வேண்டாம், பூச்சி குடும்பம் வாரியா ஒட்டுங்க. அழகிங்க ஒரு பக்கம், வெள்ளையன் மஞ்சள் எல்லாம் ஒரு பக்கம், வரியன்கள் ஒரு பக்கம். எலுமிச்சை அழகிய எத்தனை நாட்டுக்காரன் போட்டிருக்கான்னு ஒரே பக்கத்துல தெரியும், ஒவ்வொருத்தன் எப்படி வரைஞ்சிருக்கான்னும் தெரியும்.

பட்டாம்பூச்சியா அந்துப்பூச்சியானு கேட்டீங்க. உணர்கொம்பைப் பாருங்க, லென்ஸ் இருந்தா ஸ்டாம்ப்லயே தெரியும். பட்டாம்பூச்சிக்கு நுனி தடிச்சு குண்டூசித் தலை மாதிரி முடியும். அந்துக்கு இறகு மாதிரியோ வெறும் நூல் மாதிரியோ இருக்கும். விதிவிலக்கு உண்டு, ஐரோப்பா ஸ்டாம்ப்ல கறுப்புல செம்புள்ளி வெச்ச பர்னெட்னு ஒண்ணு வரும், கொம்பு நுனி தடிச்சிருக்கும் ஆனா அந்துதான், பகல்ல பறக்கும். மடகாஸ்கர் சன்செட் மாத் இன்னும் மோசம், பச்சை ஆரஞ்சு நீலம்னு மின்னும், வாலும் இருக்கும், 1773ல அதுக்கு முதல்ல பேர் வெச்ச ட்ரூரியே பட்டாம்பூச்சின்னு நெனைச்சுதான் வெச்சார். கலரை வெச்சு மட்டும் முடிவு பண்ணிடாதீங்க. சுவிட்சர்லாந்து 1950 வரிசைல 20 போட்ட ஸ்டாம்ப் இருந்தா அது அந்து, கீழ் இறக்கைல கறுப்புக்கு நடுவுல ஒரு நீலப்பட்டை ஓடும்.

எனக்கு ஸ்டாம்ப்ல ஒரு குறை உண்டு, முக்காவாசி ஸ்டாம்ப்ல பூச்சி உயிரோட இருக்கற மாதிரியே இருக்காது. மேல் இறக்கைய அவ்வளவு தூரம் முன்னாடி இழுத்து விரிச்சு எந்தப் பட்டாம்பூச்சியும் உக்காராது, அது மியூசியத்துல ஊசி குத்தி காய வெச்ச நிலை. ஓவியர் டப்பால இருக்கற பூச்சிய பாத்து வரைஞ்சிருக்கார்னு அர்த்தம். அதுக்கு நேர் எதிரா ஒண்ணு வேணும்னா இங்கிலாந்து 1981 மே மாச வரிசைய பாருங்க, கோர்டன் பெனிங்ஃபீல்ட் வரைஞ்சது, பூச்சி செடி மேல அது இருக்கற இடத்துலயே இருக்கும்.

அந்த இங்கிலாந்து வரிசைல நாலு ஸ்டாம்ப், அதுல 18 பென்ஸ் ஸ்டாம்ப் லார்ஜ் ப்ளூ. அந்த ஸ்டாம்ப் வந்தப்ப இங்கிலாந்துல அந்தப் பூச்சி ஒண்ணுகூட இல்ல, 1979லயே அழிஞ்சுபோச்சுன்னு அறிவிச்சுட்டாங்க. அழிஞ்ச கதை இருக்கே, எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. இதோட புழு முதல்ல காட்டு தைம் செடிப் பூவ தின்னும், கொஞ்சம் வளர்ந்ததும் கீழ விழுந்துடும், அதுலேந்து வர்ற இனிப்புத் திரவத்துக்கும் வாசனைக்கும் மயங்கி ஒரு வகை சிவப்பு எறும்பு அதைத் தன் குஞ்சுன்னு நெனைச்சு புத்துக்குள்ள தூக்கிட்டுப் போகும், உள்ள போனதும் இது எறும்போட குஞ்சுகளையே தின்னு மாசக்கணக்குல வளரும். அந்தப் பூச்சிய காப்பாத்தறேன்னு இடத்துக்கு வேலி போட்டாங்க, ஆடு மாடு மேய விடல. மிக்ஸோமடோசிஸ் நோய் வந்து முயலும் 1950கள்ல செத்துப்போச்சு. புல்லு உயரமா வளர்ந்துச்சு, மண்ணு நிழல்ல குளிர்ந்துச்சு, அந்த ஒரு வகை எறும்புக்கு வெயில் சூடு வேணும், அது போயிடுச்சு. எறும்பு போனா பூச்சியும் போச்சு. ஜெரமி தாமஸ்னு ஒரு விஞ்ஞானி அங்கயே கிடந்து இதைக் கண்டுபுடிச்சப்ப காலம் கடந்துடுச்சு. அப்புறம் 1983லேந்து சுவீடன் பூச்சிய கொண்டு வந்து விட்டாங்க, புல்லை மேய விட்டாங்க, இப்ப மறுபடியும் பறக்குது.

அதே வரிசைல 25 பென்ஸ் செக்கர்டு ஸ்கிப்பரும் அப்படித்தான். ஸ்காட்லாந்துல மிச்சம் இருந்துச்சு, இங்கிலாந்துல 1976லயே போயிடுச்சு, 2018ல பெல்ஜியத்துலேந்து கொண்டு வந்து விட்டிருக்காங்க. அப்ப அந்த நாலு ஸ்டாம்ப்ல ரெண்டு, வெளிவந்தப்ப இங்கிலாந்துல இல்லாத பூச்சி. பொண்ணுக்கு இதை வாங்கிக் கொடுங்க, அதிக விலையும் இல்ல.

சும்மா_வந்தேன்:

எல்லாம் சரி, மொத்தமா வித்தா எவ்ளோ தேறும்?

பழைய_கவர்:

சும்மா வந்தவரே, சும்மாவே போகலாம். ஷார்ஜா வகையறா கிலோ கணக்குலதான் போகும். பட்டாம்பூச்சில பெரிய விலைன்னா சீனா 1963ல போட்ட வரிசை, 20 ஸ்டாம்ப், தங்கப் புள்ளி கைசர்-இ-ஹிந்த் எல்லாம் இருக்கும், முழு செட் புதுசா இருந்தா ஏலத்துல அடிச்சுக்குவாங்க. போலியும் ஏராளமா சுத்துது, நெட்ல கம்மி விலைக்குப் பாத்தா ஒதுங்கிப் போயிடுங்க. டப்பால சீனா இருக்கறதா தம்பி சொல்லல, அதனால அந்தக் கவலையும் இல்ல.

இந்தியா நாலும் 1981 அக்டோபர்ல வந்ததா இருக்கணும், 35 காசு, 50 காசு, 1 ரூபா, 2 ரூபா. 2 ரூபாய்ல பச்சையா இருக்கறது கைசர்-இ-ஹிந்த், கிழக்கு இமயமலைப் பூச்சி, அருணாச்சலப் பிரதேசத்தோட மாநிலப் பட்டாம்பூச்சி இப்ப. ஸ்டாம்ப் நல்லாதான் இருக்கும், ஆனா இவ்வளவு பூச்சி இருக்கற நாட்டுல பட்டாம்பூச்சிக்குனே தபால்துறை ஸ்டாம்ப் போட்டது ரொம்ப கம்மி. 2008ல அந்தமான் நிகோபார் பூச்சிக்கு ஒரு வரிசை வந்துது, அந்தமான் மார்மன், அந்தமான் க்ளப்டெயில், வேற எங்கயும் கிடைக்காத இனம். அது உங்க டப்பால இருக்காது, தனியா வாங்கணும்.

ஒரு_சென்ட்:

முதல் ஸ்டாம்ப் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல, நான் சொல்லிடறேன். சரவாக், 1950 ஜனவரி, 1 சென்ட், ராஜா ப்ரூக் பேர்ட்விங். வாலஸ் 1855ல சரவாக்கோட வெள்ளைக்கார ராஜா ஜேம்ஸ் ப்ரூக் பேரை வெச்ச பூச்சி. நெஜத்துல கறுப்பு இறக்கைல பச்சை அம்பு மாதிரி மின்னற பூச்சி, கழுத்துல சிவப்பு, ஆனா ஸ்டாம்ப் வெறும் கறுப்பு ஒத்தை மசில அடிச்சது! ஒரு நாட்டுக்காரன் ஒரு குறிப்பிட்ட இனத்தை அடையாளம் தெரியற மாதிரி, பேரும் போட்டு, ஸ்டாம்ப்போட விஷயமாவே போட்டது இதுதான் முதல்னு தீம் சேகரிக்கறவங்க நிறைய பேர் சொல்லுவாங்க. அதே வருஷக் கடைசிலதான் சுவிட்சர்லாந்து வந்துச்சு.

பழைய_கவர்:

அது உங்க கட்சி. 1891 ஹவாய் ராணி லிலியுவோகலானி ஸ்டாம்ப்ல ராணி தலைமுடில பட்டாம்பூச்சி நகை இருக்கு, அதுதான் முதல்னு இன்னொரு கட்சி உண்டு.

ஒரு_சென்ட்:

சார் அது நகை! வைரத்துல பண்ணது. அப்ப சேலைல மயில் டிசைன் போட்ட தலைவர் ஸ்டாம்ப் எல்லாம் பறவை ஸ்டாம்ப்பா?

எருக்கஞ்செடி:

நகைக்கு எந்தக் குடும்பத்துல நான் இடம் கொடுக்கறது, நான் சரவாக் கட்சி. ஆனா அந்துப்பூச்சிய சேத்துக்கிட்டா ரெண்டு பேருமே தோத்தீங்க, லெபனான் 1930ல பெய்ரூட்ல நடந்த பட்டு மாநாட்டுக்கு ஸ்டாம்ப் போட்டிருக்கு, அதுல பட்டுப்பூச்சி, புழு, கூடு எல்லாம் வரும்னு நானும் படிச்சிருக்கேன்.

பழைய_கவர்:

லெபனான் சரிதான் மேடம், அது வரைக்கும் ஒத்துக்கறேன். ஆறு ஸ்டாம்ப், எல்லாத்துலயும் ஒரே படம், கலர்தான் வேற. பட்டு அந்த மலைக்காரங்களுக்கு சோறு போட்ட தொழில், அதனால அந்தப் பூச்சிக்கு ஸ்டாம்ப்.

ஒரு_சென்ட்:

அந்துன்னு வந்ததால ஒண்ணு சேத்துக்கறேன், பொண்ணுக்கு அந்துப் பக்கம் காலியா இருந்தா நியூசிலாந்து 1970 வரிசை தேடுங்க. இதுல அரை சென்ட், 1, 2 பட்டாம்பூச்சி, ரெண்டரை, 3, 4 அந்து. அழகுக்காக ஒரு தடவை போட்டது இல்ல, அந்த நாட்டுல தினமும் தபால் ஆபீஸ்ல கிழிச்சுக் கொடுத்த சாதாரண ஸ்டாம்ப், அதனாலதான் எனக்குப் புடிக்கும். 4 சென்ட்ல புரீரி மாத், பச்சையா இருக்கும், அந்த நாட்டுலயே பெரிய அந்து. புழுவா மரத்துக்குள்ள துளை போட்டு வருஷக்கணக்குல கிடக்கும், அந்துப்பூச்சியா வெளிய வந்தா வாயே கிடையாது, சாப்பிடாது, முட்டை போட்டுட்டு ரெண்டொரு நாள்ல செத்துரும். ரெண்டரை சென்ட் மேக்பை மாத் மேல 1971ல 4 சென்ட்னு மறு அச்சு குத்தி வித்தாங்க, தபால் கட்டணம் ஏறினதால. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல ஒட்டுங்க, கட்டணம் ஏறின கதை தானா தெரியும்.

தபாலுக்காகவே பட்டாம்பூச்சி போட்டதுன்னா அமெரிக்காக்காரன்தான். சதுரமான வாழ்த்து அட்டை கவர் சார்ட்டிங் மிஷின்ல சரியா போகாது, கையால பிரிக்கணும், அதனால கட்டணம் கூட. ஜனங்களுக்கு எவ்வளவு ஒட்டணும்னு தெரியல. 2010ல அதுக்குனே 64 சென்ட்ல மோனார்க் பட்டாம்பூச்சி ஸ்டாம்ப் போட்டாங்க, கார்டு கம்பெனிக்காரங்க அந்த கவர்ல ஸ்டாம்ப் ஒட்டற மூலைல பட்டாம்பூச்சி நிழல் படம் அச்சடிச்சுட்டாங்க. படத்தப் பாத்து பட்டாம்பூச்சி ஸ்டாம்ப்ப வாங்கி ஒட்டினா முடிஞ்சுது. அதுக்கப்புறம் பூச்சிய மாத்தி மாத்தி போட்டுக்கிட்டே இருக்காங்க, பால்டிமோர் செக்கர்ஸ்பாட், ஸ்பைஸ்புஷ் ஸ்வாலோடெயில், கலிஃபோர்னியா டாக்ஃபேஸ்னு.

டப்பா_கோவை:

அடேங்கப்பா, இவ்வளவு வரும்னு நான் எதிர்பாக்கல. பொண்ணு லென்ஸ் வெச்சு கொம்பு பாக்க ஆரம்பிச்சுட்டா, ஷார்ஜாலயே அந்து கண்டுபுடிச்சுட்டேன்னு கத்தறா. கவர்ல கிள்ளான் முத்திரை ஒண்ணு இருக்கு, மூணு ஸ்டாம்ப் ஒட்டினது, ரெண்டு சுல்தான். வெட்ட மாட்டேன் சார், நிச்சயமா.

இன்னும் ரெண்டு டவுட்டு. ஒண்ணு, ஓரத்துல பாண்டா கரடி படம் போட்டு பப்புவா நியூ கினி ஸ்டாம்ப் இருக்கு, பெரிய பட்டாம்பூச்சி, அது ஏன் பாண்டா? ரெண்டு, சில ஸ்டாம்ப்ல பழுப்பா புள்ளி புள்ளியா இருக்கு, சிலது ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு, என்ன பண்றது.

எருக்கஞ்செடி:

பாண்டாக்கு நான் சொல்றேன். அது உலக வனவிலங்கு நிதியத்தோட சின்னம், 1983லேந்து நாடு நாடா அழியற நிலைல இருக்கற உயிருக்கு அவங்களோட சேந்து ஸ்டாம்ப் போட்டாங்க. உங்ககிட்ட இருக்கறது 1988 வரிசையா இருந்தா பூச்சி குயின் அலெக்ஸாண்ட்ரா பேர்ட்விங், உலகத்துலயே பெரிய பட்டாம்பூச்சி, பெண்ணுக்கு இறக்கை விரிச்சா கால் மீட்டர், சில சமயம் அதுக்கும் மேல. பழுப்பா பெருசா இருக்கறது பெண், சின்னதா நீலப்பச்சையா மின்னறது ஆண், ஸ்டாம்ப்ல ரெண்டும் வேற பூச்சின்னு நெனைச்சு தனித்தனிப் பக்கத்துல போட்டுடாதீங்க. ஆல்பர்ட் மீக்னு ஒரு சேகரிப்பாளர் 1906ல முதல் பூச்சிய புடிச்சது வலைல இல்ல, துப்பாக்கில, சின்ன ரவை போட்டு சுட்டு. ஓரோ மாகாணத்துக் காட்டுல மட்டும்தான் இருக்கு, 1951ல லாமிங்டன் எரிமலை வெடிச்சப்ப அது வாழ்ந்த காடு பெரிய அளவுல போச்சு, மிச்சத்தையும் பாம் ஆயில் தோட்டம் தின்னுது. அதோட புழு ஆடுதின்னாப்பாளை குடும்பத்துக் கொடிய மட்டும்தான் தின்னும். நம்ம ஊரு பொன்னழகியும் அதே குடும்பத்துக் கொடியதான் நம்பி இருக்கு, ரெண்டும் பேர்ட்விங் கூட்டம், அதனால ஒரே பக்கம்.

பழைய_கவர்:

பழுப்புப் புள்ளி ஈரத்துல வர்ற பூஞ்சை, நாங்க துருன்னு சொல்லுவோம். ஹார்பர் காத்து வேற, கேக்கணுமா. மத்த நல்ல ஸ்டாம்ப்லேந்து அதைப் பிரிச்சு தனி கவர்ல போடுங்க, ஒண்ணுலேந்து ஒண்ணுக்குப் பரவும். ப்ளீச் அது இதுன்னு நெட்ல சொல்றதை எல்லாம் செய்யாதீங்க, காகிதம் போயிடும், கலரும் போயிடும்.

ஒட்டிக்கிட்டு இருக்கறதுல முதல்ல முத்திரை குத்தினதா புதுசான்னு பாருங்க. முத்திரை குத்தினதுன்னா சாதாரணத் தண்ணில கால் மணி நேரம் மிதக்க விடுங்க, தானா பிரியும், வெள்ளைத் துணி இல்ல பழைய டெலிபோன் டைரக்டரி தாள்ல கவுத்து காய வைங்க, நியூஸ்பேப்பர் வேண்டாம், மசி ஏறும். அமெரிக்கா ஸ்டாம்ப் புதுசா வந்தது எல்லாம் ஸ்டிக்கர் பசை, தண்ணில வராது, சுத்தி கொஞ்சம் இடம் விட்டு கவரோட வெட்டி வெச்சுக்கோங்க, வெட்ட வேண்டாம்னு சொன்னதுக்கு இது ஒண்ணுதான் விலக்கு, அதுவும் கவர்ல வேற விசேஷம் இல்லன்னா. புதுசா பசையோட ஒட்டிக்கிட்டதுன்னா தண்ணி கூடாது, பசை போனா மதிப்பும் போச்சு. ஒரு மூடின டப்பால அடில ஈர ஸ்பாஞ்சு, மேல சல்லடைத் தட்டு, அதுல ஸ்டாம்ப்ப வெச்சு ராத்திரி விட்டா இளகும், அப்ப மெதுவா டங்ஸ்ல பிரிக்கலாம்.

ஆல்பம் வாங்கறப்ப மலிவு பிவிசி பாக்கெட் வேண்டாம், சில வருஷத்துல பிசுபிசுன்னு ஆகி மசிய உறிஞ்சிரும். கறுப்புத் தாள்ல பட்டை வெச்ச ஸ்டாக் புக் ஒண்ணு போதும், ஒட்டவே வேண்டாம், சொருகி வெச்சா பொண்ணு நாளைக்கு மனசு மாறி நாடு வாரியா மாத்தணும்னாலும் அஞ்சு நிமிஷ வேலை. புத்தகத்தை படுக்க வெக்காம நிக்க வைங்க, பீரோல சிலிக்கா ஜெல் ரெண்டு பொட்டலம் போடுங்க.

டப்பா_கோவை:

நன்றி சார், நன்றி மேடம். ஸ்டாக் புக் இந்த வாரமே வாங்கறேன். மலேசியா ஸ்டாம்ப்ப மட்டும் மாநிலம் வாரியா அடுக்கிப் பாத்தா நடுவுல நடுவுல ஓட்டை, எல்லா மாநிலத்துலயும் 6 சென் எலுமிச்சை அழகி வேணும்னு பொண்ணு அடம், மத்த ஆறு கூட அப்புறம் பாத்துக்கலாமாம்.

ஈப்போ_வாசி:

எந்தெந்த மாநிலம் இல்லன்னு இங்கயே லிஸ்ட் போடுங்க அண்ணே. பெர்லிஸ், திரெங்கானு, சபா 6 சென் என்கிட்ட டபுள் இருக்கு. பதிலுக்கு எனக்கு அந்தமான் வரிசை ஒண்ணு போதும், ஆனா அனுப்பறப்ப கவர் மேல நல்ல ஸ்டாம்ப்பா ஒட்டி கவுன்டர்ல முத்திரை தெளிவா குத்தச் சொல்லுங்க, மிஷின் முத்திரை வேணாம்.